மருத்துவமனைப் படுக்கைகள் எவ்வளவு பயன்படுகின்றன? கணக்கிடும் முறை, அடிப்படையிலிருந்து

ஒரே வார்டு, ஒரே மாதம். படுக்கைகள் எவ்வளவு நிரம்பியிருந்தன என்று மூன்று பேரிடம் கேட்டால் ஒருவர் 61% என்கிறார், அடுத்தவர் 81%, மூன்றாமவர் 85%. மூவரும் கணக்கில் தவறவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையும் மூவரிடமும் ஒன்றுதான். முதலாமவர் காகிதத்தில் அனுமதி பெற்ற 40 படுக்கைகளால் வகுத்தார். இரண்டாமவர் வார்டில் போட்டிருக்கும் 30 கட்டில்களால் வகுத்தார். மூன்றாமவர் பழுதுக்காக மூடிய நாட்களைக் கழித்துவிட்டு, நோயாளியை உண்மையிலேயே படுக்க வைக்க முடிந்த நாட்களால் வகுத்தார்.

படுக்கைப் பயன்பாடு என்று வரும்போது தகராறு பெரும்பாலும் மேலே இருக்கும் எண்ணில் இல்லை, கீழே வகுக்கும் எண்ணில்தான். சரி, அந்தத் தகராறைத் தீர்த்துவிட்டால் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. ஒழுங்காகக் கணக்கிட்ட 85%கூட, தனியாக நிற்கும்போது பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதியைச் சொல்ல இன்னும் மூன்று எண்கள் வேண்டும். அவற்றுக்கும் இதே தரவு போதும், புதிதாக எதையும் சேகரிக்கத் தேவையில்லை. இந்த வழிகாட்டியில் மேலே சொன்ன அந்த ஒரு வார்டையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: எதற்காக அளக்கிறோம்?

இதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடம் கட்டலாமா என்று யோசிப்பவருக்கு ஓராண்டுக் கணக்கு வேண்டும். அடுத்த வாரம் எத்தனை செவிலியர்களை டியூட்டியில் போடுவது என்று பார்ப்பவருக்கு நாள்வாரியாக, ஷிஃப்ட்வாரியாக வேண்டும். கேசுவால்டியில் காத்திருப்பவருக்கு மேலே வார்டில் இடம் எப்போது கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால், மணிவாரிக் கணக்கைத் தவிர வேறு எதுவும் உதவாது. ஒரே அறிக்கையை மூன்றுக்கும் பயன்படுத்தினால் மூவருக்கும் உதவாமல் போகும்.

இரண்டாம் படி: படுக்கைகளை எண்ணுவது

கேட்க எளிது. ஆனால் மொத்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

நோயாளியை இப்போதே சேர்க்கும் நிலையில் இருக்கும் படுக்கைதான் நமக்கு வேண்டியது. கட்டில், மெத்தை, அதைக் கவனிக்க ஆள், மூன்றும் இருக்க வேண்டும். செவிலியர் பற்றாக்குறையால் பூட்டி வைத்த அறையில் கட்டில் பளபளப்பாக இருந்தாலும் அது கணக்கில் வராது. அனுமதி பெற்ற எண்ணிக்கையைத் தூக்கிப் போட வேண்டாம், வேறு கேள்விக்கு அது உதவும். ஆனால் பயன்பாட்டு விகிதத்தின் கீழே அதை வைக்காதீர்கள்.

எவற்றைச் சேர்ப்பது? பொது வார்டு, தனி அறை, ஐசியு, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் என நோயாளி இரவு தங்கிச் சிகிச்சை பெறும் இடங்கள் எல்லாம். எவற்றை விடுவது? பிரசவ மேசை, அறுவை அரங்குக்கு வெளியே மயக்கம் தெளிய வைத்திருக்கும் படுக்கை, கேசுவால்டி ட்ராலி, டயாலிசிஸ் நாற்காலி. இவற்றில் கிடக்கும் நேரத்திலும் நோயாளிக்கு வார்டில் ஒரு படுக்கை இருக்கும், அல்லது அவர் அன்றே வீடு திரும்புவார். சேர்த்தால் ஒருவரையே இருமுறை எண்ணும் நிலை வரும். தாயின் பக்கத்தில் நலமாகத் தூங்கும் பச்சிளங்குழந்தையின் தொட்டிலையும் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அந்தக் குழந்தையே உடம்புக்கு முடியாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், அந்த நிமிடத்திலிருந்து அது ஒரு தனி நோயாளி, அதற்கு ஒரு தனிப் படுக்கை.

இழுபறியான இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, தொற்று காரணமாக முடங்கும் படுக்கை. இருவர் தங்கும் அறையில் ஒருவருக்குத் தொற்று; பக்கத்துப் படுக்கையில் யாரையும் போட முடியாது. அது காலியா, இல்லையா? நான் பரிந்துரைப்பது: கீழ் எண்ணிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள், ஆனால் ‘முடங்கிய படுக்கை நாட்கள்’ என்று தனி வரியில் காட்டுங்கள். அந்த வரி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், தனி அறைகள் போதவில்லை என்பதை அது தானாகச் சொல்லும். இரண்டாவது, கூட்டம் தாங்காமல் நடைபாதையில் போடும் கூடுதல் கட்டில். அதில் இருப்பவர் நோயாளிதான், மேலே எண்ண வேண்டும். கட்டிலைக் கீழே சேர்க்க வேண்டாம். விகிதம் 100%-ஐத் தாண்டும். தாண்டட்டும். சிலர் அதைத் தவறென்று நினைத்து 100-ல் வெட்டிவிடுகிறார்கள். வார்டில் நடப்பதை உள்ளபடி காட்டும் எண்ணை அழகுக்காகத் திருத்துவது என்னைப் பொறுத்தவரை மோசமான பழக்கம்.

இனி, ஒரு படுக்கை ஒரு நாள் தயாராக இருந்தால் அது ஒரு ‘படுக்கை நாள்’. நம் வார்டில் 30 படுக்கை, 30 நாள் மாதம், ஆக 900. நான்கு படுக்கைகள் குழாய் வேலைக்காக 10 நாட்கள் மூடப்பட்டன. 40 போக மீதி 860. இதுதான் கீழ் எண். மாதத் தொடக்கத்தில் எத்தனை, முடிவில் எத்தனை என்று பார்த்துச் சராசரி எடுக்காமல், ஒவ்வொரு நாளும் தயாராக இருந்த படுக்கைகளை எழுதி, மாத முடிவில் கூட்டுங்கள்.

மூன்றாம் படி: நள்ளிரவுக் கணக்கு

மேல் எண்ணுக்கான அடிப்படை, வார்டில் தினமும் ஒரே நேரத்தில் எடுக்கும் தலைக்கணக்கு. வழக்கமாக அது நள்ளிரவு 12 மணி. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு, அட்மிஷனும் டிஸ்சார்ஜும் அடங்கியிருக்கும் என்பதுதான் காரணம். வேறு நேரமும் வைக்கலாம். ஆனால் மருத்துவமனை முழுக்க ஒரே நேரமாக இருக்க வேண்டும். ஒரு வார்டு பத்தரைக்கும் இன்னொன்று பன்னிரண்டுக்கும் எண்ணினால், பதினோரு மணிக்கு வார்டு மாறியவர் இரண்டு இடத்திலும் இருப்பார், அல்லது இரண்டிலும் இருக்கமாட்டார்.

ஒரு நாளின் தாள் இப்படி இருக்கும்:

நேற்று நள்ளிரவு இருந்தவர்கள்: 24
இன்று புதிய அட்மிஷன்: 7
வேறு வார்டிலிருந்து வந்தவர்கள்: 2
டிஸ்சார்ஜ்: 6
வேறு வார்டுக்குப் போனவர்கள்: 1
இறப்பு: 1
இன்று நள்ளிரவு இருப்பவர்கள்: 24 + 7 + 2 − 6 − 1 − 1 = 25

அட்மிஷன் ஏழில் இருவர் காலையில் வந்து மாலையில் போய்விட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அவர்கள் இல்லை, அதனால் 25-ல் அவர்கள் தெரியமாட்டார்கள். ஆனால் ஒரு பகல் முழுக்கப் படுக்கையைப் பிடித்திருந்தார்கள். வந்த அன்றே போன உள்நோயாளிக்கு ஒரு நாள் என்று கணக்கு வைப்பது பரவலான வழக்கம். ஒரு நோயாளி ஒரு நாள் படுக்கையில் இருந்தால் அது ஒரு ‘நோயாளி நாள்’. எனவே அன்றைய நோயாளி நாட்கள் 25 + 2 = 27. தங்கிப் போகிறவருக்கு, வந்த நாள் சேரும், போகிற நாள் சேராது. திங்கள் வந்து வியாழன் போனவருக்கு மூன்று நாட்கள்.

தாளை நிரப்பி முடித்ததும் இரண்டு சரிபார்ப்புகள். முதலாவது, கணக்கில் வந்த 25-ஐயும் வார்டில் நேரில் எண்ணியதையும் ஒப்பிடுவது. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அந்த இரவே பிடித்துவிடலாம். மாதக் கடைசியில் பிடிப்பது நடக்காத காரியம். இரண்டாவது, மருத்துவமனை முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், ‘வேறு வார்டிலிருந்து வந்தவர்கள்’ மொத்தமும் ‘வேறு வார்டுக்குப் போனவர்கள்’ மொத்தமும் சமமாக இருந்தே தீர வேண்டும். ஒரு வார்டை விட்டுப் போனவர் இன்னொரு வார்டில் வந்திருக்க வேண்டுமல்லவா? சமமில்லை என்றால் ஐசியுவுக்கும் வார்டுக்கும் இடையில் யாரோ ஒருவர் எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறார். பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகும்.

கம்ப்யூட்டர் பதிவிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘இந்த மாதம் அட்மிட் ஆனவர்கள்’ என்று வடிகட்டினால், ஒன்றாம் தேதிக்கு முன்பே வந்து படுத்திருப்பவர்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். ‘இந்த மாதம் டிஸ்சார்ஜ் ஆனவர்கள்’ என்று எடுத்தால் எதிர்ப்பக்கத் தவறு: நான்கு மாதம் படுத்திருந்த ஒருவர் இந்த மாதம் வீட்டுக்குப் போனால், அவருடைய 120 நாட்களும் இந்த 30 நாள் மாதத்தில் வந்து விழும். ஒரு படுக்கை ஒரே மாதத்தில் 400% நிரம்பியிருந்ததாகக் காட்டும். மாதத்தின் எந்த ஒரு நாளிலாவது உள்ளே இருந்தவர்கள் எல்லோரையும் எடுத்து, அந்த மாதத்துக்குள் விழும் நாட்களை மட்டும் எண்ண வேண்டும்.

நான்காம் படி: வகுத்தல்

பயன்பாட்டு விகிதம் = (நோயாளி நாட்கள் ÷ தயாராக இருந்த படுக்கை நாட்கள்) × 100

நம் வார்டில் 30 நாட்களின் நோயாளி நாட்களைக் கூட்டினால் 731. அதை 860-ஆல் வகுத்தால் 0.85, அதாவது 85%. தொடக்கத்தில் பார்த்த மற்ற இரண்டு எண்கள் 731-ஐ 900-ஆலும் 1,200-ஆலும் வகுத்ததால் வந்தவை.

வார்டுகளைச் சேர்த்து மருத்துவமனை மொத்தத்தைச் சொல்லும்போது சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. 6 படுக்கை ஐசியு 100% நிரம்பியிருக்கிறது, 40 படுக்கை வார்டு 60%. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 80% வரும். உண்மையில் 46 படுக்கைகளில் 30 பேர்தான் இருக்கிறார்கள், 65%. மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள். மாதங்களைச் சேர்த்து ஆண்டுக் கணக்கு போடும்போதும் இதே விதிதான்.

இன்னொன்று, ‘மொத்தம் 65%’ என்று மட்டும் சொன்னால் ஐசியுவில் இடமே இல்லை என்பது அதற்குள் புதைந்துவிடும். ஐசியு, பிரசவம், குழந்தைகள், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின் படுக்கைகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றிக்கொள்ள முடியாதவற்றைத் தனித்தனியாகக் காட்டுவதுதான் முறை.

ஐந்தாம் படி: கூடவே வர வேண்டிய மூன்று எண்கள்

நம் வார்டிலிருந்து அந்த மாதம் வெளியேறியவர்கள் 172 பேர். டிஸ்சார்ஜ், இறப்பு, வேறு இடத்துக்கு மாற்றம் எல்லாம் சேர்த்து. இந்த ஒரு எண் கையில் இருந்தால் மீதி வந்துவிடும்.

சராசரித் தங்கல் = 731 ÷ 172 = 4.25 நாட்கள்.
ஒரு படுக்கைக்குச் சுழற்சி = 172 ÷ 28.67 = 6. மூடியிருந்ததைக் கழித்தால் சராசரியாகத் தயாராக இருந்தவை 860 ÷ 30 = 28.67 படுக்கைகள். ஒவ்வொன்றும் மாதத்தில் ஆறு பேருக்கு உதவியிருக்கிறது.
இடைவெளி = (860 − 731) ÷ 172 = 0.75 நாள். ஒருவர் எழுந்து போனதற்கும் அடுத்தவர் வந்து படுப்பதற்கும் நடுவே சராசரியாக முக்கால் நாள் படுக்கை காலி.

தங்கலையும் இடைவெளியையும் கூட்டுங்கள்: 4.25 + 0.75 = 5. மாதத்தின் 30 நாளைச் சுழற்சி 6-ஆல் வகுத்தாலும் 5. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம். இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சரிபார்ப்பை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

இப்போது பக்கத்து வார்டைப் பாருங்கள். அதே 860 படுக்கை நாட்கள், அதே 731 நோயாளி நாட்கள், அதே 85%. ஆனால் வெளியேறியவர்கள் 86 பேர் மட்டும். தங்கல் 8.5 நாள், சுழற்சி 3, இடைவெளி ஒன்றரை நாள். விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு வார்டும் ஒன்றுதான். முதல் வார்டு இரண்டு மடங்கு நோயாளிகளைக் கவனித்திருக்கிறது. அட்மிஷன் வேலையும் டிஸ்சார்ஜ் வேலையும் இரண்டு மடங்கு. செவிலியர் எண்ணிக்கையைப் படுக்கை விகிதத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால், முதல் வார்டுக்காரர்கள் ஏன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் புரியாது. அதற்காக இரண்டாவது வார்டு சோம்பேறி வார்டு என்றும் சொல்ல முடியாது. அங்கே இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு நாள் பிடிக்கும்தான். ஒத்த நோயாளிகள் உள்ள வார்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் ஒன்றரை நாள் இடைவெளியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். அதற்கு நோயைக் காரணம் சொல்வது கடினம்.

இந்த எண்களிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. சராசரியாக உள்ளே இருப்பவர்கள் = ஒரு நாளைக்கு வருபவர்கள் × தங்கல். வரிசையில் காத்திருப்பதை ஆராயும் கணிதத்தில் (வரிசைக் கோட்பாடு) இதற்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961-ல் இதை நிரூபித்தார். நம் வார்டுக்கு நாளொன்றுக்கு 5.73 பேர். தங்கலை அரை நாள் குறைக்க முடிந்தால் 5.73 × 0.5, கிட்டத்தட்ட மூன்று படுக்கைகள் விடுபடும். கட்டடம் கட்டாமலே மூன்று படுக்கை. பட்ஜெட் கூட்டத்தில் இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: படுத்திருப்பதும் பயன்படுவதும்

நிரம்பிய படுக்கை எல்லாம் பயன்படும் படுக்கை ஆகிவிடாது. மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் நோயாளி இன்னும் இருக்கிறார். ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேறு மையத்தில் இடம் கிடைக்கவில்லை. நள்ளிரவுத் தாளில் அவரும் ஒன்று, நேற்று அறுவை முடிந்து வந்தவரும் ஒன்று.

இதைப் பிரிக்க, கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு தேதி கூடுதலாக வேண்டும்: ‘மருத்துவ ரீதியாக வீட்டுக்குப் போகத் தகுதியான நாள்’. அதற்கும் உண்மையில் போன நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமத நாட்கள். நம் வார்டின் 731 நாட்களில் 64 அப்படிப்பட்டவை என்றால், சிகிச்சைக்காகப் பயன்பட்டவை 667, விகிதம் 77.6%. 85%-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கூடுதல் படுக்கையால் தீர்க்கக்கூடியது அல்ல. எல்லா நாளும் இதைப் பதிய முடியாத இடத்தில், வாரத்தில் ஒரு நாள் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கை அருகிலும் நின்று ‘இவர் இன்று ஏன் இங்கே இருக்கிறார்?’ என்று கேட்டுக் காரணத்தைக் குறித்தாலே போதும். சில வாரங்களில் இரண்டு மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

ஏழாம் படி: பகலைப் பார்ப்பது

நள்ளிரவுத் தாளில் 30-க்கு 27. மூன்று காலி. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அதே வார்டுக்குள் போய்ப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சொல்லப்பட்ட ஐந்து பேர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மருந்து வர வேண்டும், இன்னொருவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து வர வேண்டும். மூன்று காலிப் படுக்கையிலும் காலை அறுவைக்கு வந்தவர்கள். கதவருகே ஸ்ட்ரெச்சரில் ஒருவர். கேசுவால்டியிலிருந்து இன்னொருவருக்காக போன் வந்துகொண்டே இருக்கிறது. நள்ளிரவில் 90%, பதினோரு மணிக்கு 100%-க்கு மேல். இரண்டும் உண்மை.

கம்ப்யூட்டரில் அட்மிஷன் நேரமும் வெளியேறிய நேரமும் இருந்தால் மணிவாரிக் கணக்கு கஷ்டமில்லை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு மணிக்கும், ‘வந்த நேரம் இந்த மணிக்கு முன் அல்லது இந்த மணியே, போன நேரம் இந்த மணிக்குப் பின்’ என்ற இரண்டு நிபந்தனையும் பொருந்துபவர்களை எண்ணச் சொல்ல வேண்டும். இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாதவர்களுக்குப் போன நேரம் வெறுமையாக இருக்கும். அப்படியே விட்டால் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். ஏதாவது ஒரு எதிர்காலத் தேதியைப் போட்டு வையுங்கள்.

‘போன நேரம்’ என்பது எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதிய நேரமா, பில் முடிந்த நேரமா, நோயாளி வார்டை விட்டு நடந்து போன நேரமா? படுக்கையைப் பொறுத்தவரை கடைசியாகச் சொன்னதுதான் சரி. பல சாஃப்ட்வேர்களில் பதிவாவது பில் நேரம். அந்த வித்தியாசம் மணிக்கணக்கில் போகும் இடங்கள் உண்டு.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் ஒரு வாரம் மட்டும், நாளுக்கு நான்கு முறை கையால் எண்ணுங்கள்: காலை 6, பகல் 11, மாலை 5, நள்ளிரவு. உச்சம் எப்போது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் புதியவர்கள் வந்துவிட்டு, பழையவர்கள் இன்னும் போகாத முற்பகலில்தான் இருக்கும். நாம் முன்பு கணக்கிட்ட முக்கால் நாள் இடைவெளியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது நள்ளிரவுக் கணக்கில் கிடைத்தது. காலையில் ஒருவர் போய் மாலையில் ஒருவர் வந்த படுக்கை, அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருந்ததாகத் தெரியாது.

எட்டாம் படி: எவ்வளவு இருந்தால் நல்லது?

எல்லோரும் கேட்பது இதைத்தான், 85% என்று எல்லோரும் சொல்வதும் உண்டு. அந்த எண் பரவலானதற்கு ஒரு முக்கியக் காரணம், 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு. அவசர நோயாளிகளுக்கு 200 படுக்கைகள் உள்ள ஒரு கற்பனை மருத்துவமனையை வைத்துச் செய்தது. சராசரிப் பயன்பாடு ஏறக்குறைய 85%-ஐத் தாண்டும்போது இடமில்லாமல் போகும் அபாயம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது, 90%-ஐத் தாண்டினால் நெருக்கடி வழக்கமாகிவிடுகிறது என்பது அதன் முடிவு. நன்றாகக் கவனியுங்கள்: அது 200 படுக்கைக்கான கணக்கு. பத்துப் படுக்கை வார்டுக்கு அதை அப்படியே தூக்கி வைப்பது தவறு.

ஏன் என்று பார்க்க, தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க்கின் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரமே போதும். நோயாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்கள், இடமில்லாதவர் வேறு இடத்துக்கு அனுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 படுக்கைகள், சராசரித் தேவை 8.5 படுக்கை. வருபவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இடம் கிடைக்காது. அதே விகிதத்தில் 50 படுக்கைகள், தேவை 42.5 என்றால் இடம் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். பெரிய வார்டில் ஒரு நாள் கூட்டத்தை இன்னொரு டிஸ்சார்ஜ் ஈடுகட்டும். சின்ன வார்டில் அந்த வசதி இல்லை.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. அந்தப் பத்துப் படுக்கைப் பிரிவின் பயன்பாட்டு விகிதத்தைக் கணக்கிட்டால் சுமார் 73%தான் வரும், ஏனென்றால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாரும் படுக்கையில் இல்லையே! அறிக்கையைப் பார்ப்பவர் ‘கால்வாசி சும்மா கிடக்கிறது, இரண்டு படுக்கையைக் குறைக்கலாம்’ என்பார். வாசலில் நூற்றுக்கு 14 பேர் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள். எனவே ஐசியு போன்ற சின்னப் பிரிவுகளில், இடமில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையையும் ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைக்காமல் பயன்பாட்டு விகிதத்தை விவாதிப்பதே வீண். தேதி, நேரம், எதற்காக, எங்கே அனுப்பினோம், இந்த நான்கும் போதும்.

திட்டமிட்ட அறுவைகள் மட்டும் நடக்கும் வார்டில் வருகை நம் கையில் இருக்கிறது. அங்கே 90%-க்கு மேலும் நிம்மதியாக ஓட்டலாம். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் அதே எண் ஆபத்து. இலக்கை வார்டின் அளவையும், வருகை எவ்வளவு முன்கூட்டித் தெரியும் என்பதையும் பார்த்து வைக்க வேண்டும்.

சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் காட்டுங்கள். 30 நாட்களின் எண்ணிக்கையைக் கோடாக வரைந்தாலே போதும். வார இறுதியில் 65%-க்கு இறங்கி, செவ்வாய், புதனில் 98%-க்கு ஏறும் வார்டும், தினமும் 85%-ல் நிற்கும் வார்டும் ஒரே நோயால் அவதிப்படுபவை அல்ல. முதலாவதின் பிரச்சினை பெரும்பாலும் அறுவை அட்டவணையில் இருக்கும்.

ஒன்பதாம் படி: பல வார்டுகளை ஒரே படத்தில்

நிறைய வார்டுகளையோ மருத்துவமனைகளையோ ஒன்றாகப் பார்க்க, பாபோன் லாஸ்ஸோ 1986-ல் முன்வைத்த வரைபடம் கைகொடுக்கும். கிடையில் பயன்பாட்டு விகிதம், நெடுக்கில் சுழற்சி. ஒவ்வொரு வார்டும் ஒரு புள்ளி. இரண்டின் சராசரியிலும் ஒவ்வொரு கோடு போட்டால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். இரண்டும் குறைவு என்றால் படுக்கைகள் தேவைக்கு மேல் இருக்கலாம். விகிதம் குறைவு, சுழற்சி அதிகம் என்றால் சீக்கிரம் வந்து போகிறவர்கள், பிரசவ வார்டு போல. இரண்டும் அதிகம் என்றால் நன்றாக ஓடுகிறது. விகிதம் அதிகம், சுழற்சி குறைவு என்றால் நீண்ட தங்கல். காரணம் நோயா தாமதமா என்று ஆறாம் படியில் சொன்னபடி தேட வேண்டும்.

இந்தப் படத்தின் பலவீனம், கோடுகள் அதே கூட்டத்தின் சராசரி என்பது. எல்லா வார்டும் அருமையாக இயங்கினாலும் யாராவது ஒருவர் சராசரிக்குக் கீழே இருப்பார். விசாரணை தொடங்கும் இடமாக வையுங்கள், மதிப்பெண் பட்டியலாக அல்ல.

பத்தாம் படி: எழுதி அனுப்புவது

1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் முன்வைத்த திட்டம், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்பது. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு எண்ணியதால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியவில்லை. இன்றும் அதே சிக்கல் தொடர்வதால்தான் அறிக்கையின் அடிக்குறிப்பு முக்கியம். நம் வார்டுக்கு அது இப்படி இருக்கும்:

‘பயன்பாடு 85.0%. நோயாளி நாட்கள் 731, நள்ளிரவுக் கணக்கு. வந்த அன்றே போனவர்களுக்கு ஒரு நாள் சேர்த்தது. படுக்கை நாட்கள் 860. பழுதுக்காக மூடிய 40 படுக்கை நாட்கள் கழித்தது. கூடுதல் கட்டில்கள் கீழ் எண்ணில் இல்லை. வெளியேறியவர்கள் 172, இறப்பும் இடமாற்றமும் உட்பட. தங்கல் 4.25 நாள், சுழற்சி 6, இடைவெளி 0.75 நாள். தாமத நாட்கள் 64.’

அடுத்த மாதம் எண்ணும் முறையில் ஏதாவது மாறினால், மாறிய தேதியையும் இதே இடத்தில் எழுதி, குறைந்தது ஒரு மாதத்துக்குப் பழைய முறை, புது முறை இரண்டிலும் கணக்கிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.